மீனுக்கு நெஞ்சுக்கறி உண்டா?

செப்டம்பர் 14, 1976
குளிர்காலக் கொட்டகை, கர்கராலி மலையடிவாரம்

அன்பு மகள் ராபிகாவுக்கு,

நீ உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறாயா? இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். செம்மறிகள் சுகம், குதிரைகள் சுகம். கிழட்டு ஒட்டகம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நோய் ஒன்றுமில்லை, சுபாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை டாக்டர் ஒராஸ்பெக் போன வாரம் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். எதற்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வயது. பல்லெல்லாம் இருக்கிறது. குடிப்பதில்லை, அதாவது ஆடு குட்டி போடும் மாதத்தில் குடிப்பதில்லை. உனக்கும் இருபத்தெட்டு ஆகிவிட்டது. ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதித்துக்கொண்டே கிழவியாகிவிடலாம் என்று நினைக்கிறாயா?

வந்தவர்களுக்காக ஆடு அறுத்தேன். டாக்டரின் தட்டில் இடுப்பெலும்பை வைத்தேன், மரியாதைக்கு. நெஞ்சுக்கறியை வைக்கவில்லை. அதை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அவன்தான் இந்த வீட்டு மருமகன், வானம் இடிந்தாலும் மாற்ற முடியாது. உன்னைக் கேட்காமல் யாருக்கும் அதை வைக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கொடுத்த வாக்கில் நிற்கிறேன். மார்ச்சில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கும்வரை தவணை கேட்டிருக்கிறேன். ஆம் அல்லது இல்லை. ஒரே வார்த்தை எழுது.

போன கடிதத்தில் கெண்டை மீனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பதால் நானே சத்தமாகப் படிக்க வேண்டியதாயிற்று. குளம்பு இல்லை, கம்பளி இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அது என்ன பிராணி? அதை எப்படி மனுஷன் தின்பான்? லாரிக்காரனிடம் குதிரைக்கறி அனுப்பியிருக்கிறேன். மனுஷச் சாப்பாடு சாப்பிடு.

உன் அப்பா
பெய்சென்


அக்டோபர் 3, 1976
பல்காஷ் ஏரிக்கரை

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

குதிரைக்கறி பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் நலம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து விடுகிறீர்களா? ஒட்டகத்துக்கு என் அன்பைச் சொல்லுங்கள், முகத்தை இறக்குமா பார்க்கலாம்.

அப்பா, இங்கே கடையில் கறி கிடைப்பதில்லை. மீன்தான் கிடைக்கிறது. நாலு வீட்டுக்கு ஒரே சமையலறை என்று எழுதியிருந்தேன் இல்லையா. வோல்கா ஆற்றங்கரை ஜெர்மன்காரி ஃப்ரீடா அத்தை ஒரு அடுப்பு, போர்க்காலத்தில் ஒதெஸ்ஸாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ரோசா அத்தை ஒரு அடுப்பு, கொரியாக்காரர்களான யூகாய் வீட்டு அம்மாவும் மகனும் ஒரு அடுப்பு, நான் ஒன்று. யூகாய் மகன் படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். மீனவர்கள் கொடுக்கும் மீனை வியாழக்கிழமை கொண்டு வந்து நடுமேசையில் போடுவார். நாலு அடுப்பிலும் நாலு வாசனை கிளம்பும்.

இந்த வாரம் ஃப்ரீடா அத்தையிடம் கற்றேன். மீனைத் துண்டு போட்டுப் பொரித்து, ஆறவிட்டு, வினிகர், வெங்காயம், பிரிஞ்சி இலை, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் மூழ்கவைத்து மூன்று நாள் மூடிவைக்க வேண்டும். நான் இரண்டாம் நாளே மூடியைத் திறந்துவிட்டேன். கையில் ஒரு அடி விழுந்தது. "பொறுமை இல்லாதவளுக்கு ஊறின மீனும் கிடைக்காது, ஊறின புருஷனும் கிடைக்கமாட்டான்டி"ன்னு கத்தினாள். யூகாய் மகன் வாசலில் நின்று இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

டாக்டர் ஒராஸ்பெக் நல்லவர் என்று எனக்கும் தெரியும். குளிர் தொடங்கிவிட்டது, அப்பா முட்டியில் கம்பளி சுற்றிக்கொள்ளவும்.

மகள்
ராபிகா


அக்டோபர் 25, 1976

அன்பு மகளே,

இங்கே எல்லோரும் சுகம். என் முட்டியும் சுகம். மருந்து விடுகிறோம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஊருக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறாய். நான் கேட்டது டாக்டரைப் பற்றி. நீ சொன்னது பிரிஞ்சி இலையைப் பற்றி. "நல்லவர் என்று தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். இது ஆம் வகையா, இல்லை வகையா? நம் ஒட்டகம்கூட நல்லதுதான், அதற்காக அதை யாரும் கட்டிக்கொள்வதில்லை. டாக்டரின் அப்பா பார்க்கும்போதெல்லாம் என்னையே பார்க்கிறார். நான் மலையைப் பார்க்கிறேன்.

பொரித்த கறியை ஏன் மறுபடி தண்ணீரில் போட வேண்டும்? மொறுமொறுப்பைக் கெடுப்பதற்காகவா பொரித்தீர்கள்? ஒன்றும் விளங்கவில்லை.

உன் அம்மா ஒன்று கேட்கச் சொல்கிறாள். அந்த மோட்டார் ரிப்பேர்க்காரன் உயரமா, குள்ளமா? எதற்குக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. கேட்டால், "நான் சொல்றத எழுது, நீ என்ன அதிகாரியா?" என்கிறாள்.

அப்பா


நவம்பர் 18, 1976

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

ஏரி ஓரத்தில் பனிக்கட்டி பிடித்துவிட்டது. எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது சரியாகிவிட்டது. ஃப்ரீடா அத்தை வாத்துக்கொழுப்பைத் தடவினாள், யூகாய் அம்மா இஞ்சி கொடுத்தாள், ரோசா அத்தை இரண்டு பேரையும் திட்டினாள். யார் வைத்தியத்தில் சரியானது என்று தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

அம்மாவுக்கு: உயரம்தான். சமையலறைக் கதவில் குனிந்துதான் வருவார். பெயர் கெராசிம்.

அப்பா, இதைப் படிக்கும்போது கோபப்படக் கூடாது. பச்சை மீன் சாப்பிட்டேன். நெருப்பே கிடையாது. யூகாய் அம்மா மீன் சதையை விரல் நீளத்துக்கு மெல்லிசாகச் சீவி, வினிகரும் உப்பும் போட்டுப் பிசைந்து வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது வெள்ளையாகிவிடுகிறது, வெந்த மாதிரியே. அதன்மேல் வெங்காயம், பூண்டு, மல்லித்தூள், ஒரு குவியல் மிளகாய்த்தூள். கடைசியில் புகைய எண்ணெய் காய்ச்சி மேலே ஊற்றினால் நாலு வீடும் தும்மும்.

"காரம் தாங்குவியா?"ன்னு அந்த அம்மா கேட்டாள். "ஆட்டுக்காரன் பொண்ணு நான், எதையும் தாங்குவேன்" என்றேன். ஒரு வாய்தான். கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது. கெராசிம் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "தண்ணி குடிக்காத, இன்னும் ஏறும். ரொட்டியை மெல்லு" என்றார். நம் பாஷையில் சொன்னார், அப்பா. நம்மைவிட நன்றாகவே பேசுகிறார்.

அன்று வெகுநேரம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. காரத்தால்தான்.

ராபிகா


டிசம்பர் 10, 1976

மகளே,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சுகமில்லை.

பச்சை மீனா? ஓநாய்கூட யோசித்துத் தின்னுமே! உனக்குக் காய்ச்சலா? உனக்கு யாராவது ஏதாவது வைத்துவிட்டார்களா? டாக்டர் ஒராஸ்பெக்கிடம் ஓடினேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, ஏரி மீனைப் பச்சையாகத் தின்றால் வயிற்றில் புழு வளரும் என்றான். மாத்திரை கொடுத்திருக்கிறான். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அது கன்றுக்குட்டிக்குக் கொடுக்கிற மாத்திரை. உன் எடையை எழுதினால் எத்தனை விழுங்க வேண்டும் என்று சொல்வானாம். உன்மேல் எவ்வளவு அக்கறை பார்.

சாப்பாட்டில் காரம் இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. அதை ஏன் கடிதத்தில் எழுத வேண்டும் என்பதுதான் புரியவில்லை. உன் அம்மா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு மாவு பிசையப் போய்விட்டாள். பிசைந்துகொண்டே சிரித்தாள். எனக்குத்தான் இந்த வீட்டில் எதுவும் விளங்குவதில்லை.

அவள் கேட்கச் சொன்னது: அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்? சம்பளத்தைக் கொண்டு போய் யாரிடம் கொடுக்கிறான்? எழுதிவிட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மார்ச்சுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. ஒரே வார்த்தை.

அப்பா


ஜனவரி 4, 1977

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

புது வருஷம் நல்லபடியாகப் பிறக்கட்டும். ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும். நான் சுகம். மாத்திரை விழுங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். புழுவும் இல்லை.

அம்மாவுக்கு: ஒரே மகன். சம்பளத்தை அவர் அம்மா கையில் கொடுக்கிறார்.

புது வருஷத்துக்கு நாலு வீடும் சேர்ந்து ஒரே மேசை போட்டோம். ரோசா அத்தை ஒரு வித்தை செய்தாள் பாருங்கள். மீனின் வயிற்றைக் கீறாமல், கழுத்துப் பக்கத்திலிருந்து தோலைக் காலுறை கழற்றுவது போல முழுசாக உரித்தாள். சதையை எடுத்து முள் நீக்கி, வெங்காயமும் ஊறின ரொட்டியும் சேர்த்து அரைத்து, அதே தோலுக்குள் அடைத்து, பீட்ரூட் போட்ட தண்ணீரில் வேகவைத்தாள். இரண்டு மணி நேர வேலை. முடிந்ததும் பார்த்தால் பழையபடி ஒரு மீன்தான் படுத்திருக்கிறது. "இவ்வளவு பாடுபட்டு மீனை மீனா ஆக்கினீங்களா?"ன்னு கேட்டேன். "உள்ள முள்ளு இல்லடி, வாழ்க்கையில அப்படி எதாவது ஒண்ணு கிடைக்குதா சொல்லு" என்றாள்.

அதன் பிறகு பெரிய கெண்டை. ஒன்பது கிலோ. கெராசிமே பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடித்தது. வெங்காயம், தக்காளி, மிளகு வைத்து முழுசாக அடுப்பில் வாட்டி எடுத்தோம். மேசைக்கு வந்ததும் எல்லோரும் கத்தியை என் கையில் கொடுத்தார்கள். "பங்கு வைக்கறதுல கசாக்கு ஜனங்களை மிஞ்ச ஆளில்ல, நீயே வை" என்றார்கள். வைத்தேன். மூத்தவள் என்று தலையை ரோசா அத்தைக்கு வைத்தேன். நடுமுதுகை ஃப்ரீடா அத்தைக்கும் யூகாய் அம்மாவுக்கும். நான் வாலை எடுத்துக்கொண்டேன். முன்பக்கத்து வயிற்றுத் துண்டு, கொழுப்பு நிறைந்தது, அதைக் கெராசிமுக்கு வைத்தேன்.

அவர் அதைத் தொடவே இல்லை, அப்பா. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதுவரைக்கும் சிவந்தார். உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டார். நான் வைத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு நாளாக எனக்கு மனசே சரியில்லை. ஒரு மீன் துண்டுக்காக இப்படி ஏன் ஆக வேண்டும் என்று எனக்கே புரியவில்லை.

ராபிகா


ஜனவரி 28, 1977

ராபிகா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. முன்பக்கத்து வயிற்றுத் துண்டா? உனக்குப் புத்தி இருக்கிறதா? அதுதானே மீனுக்கு நெஞ்சுக்கறி! நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் எத்தனை ஆடு அறுத்திருக்கிறோம், எந்தத் துண்டு யாருக்கு என்று தெரியாமலா வளர்ந்தாய்? நீயே உன் கையால், மூத்தவர்கள் பார்க்க, ஒரு ஆம்பிளைக்கு நெஞ்சுக்கறி வைத்திருக்கிறாய்!

பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மீனுக்கு நெஞ்சுக்கறி உண்டா? கம்பளிக் கிடங்கில் தேநீர் குடிக்கும்போது பெயர் சொல்லாமல் பெரியவர்களிடம் கேட்டேன். சும்மா ஒரு சந்தேகம் மாதிரி.

"ஒட்டகத்துக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு. மீனுக்கு ஏதுப்பா? அதுக்கு எலும்பே முள்ளு" என்றார் ஜூமாகெல்தி.

"குளம்பு இல்லாததுக்குப் பங்குமுறை கிடையாது" என்றார் சாய்லாவ்.

தோலெபெர்கென் கிழவர் மட்டும் கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "கொடுத்தவ மனசுல இருந்தா பூசணிக்காய்க்கும் நெஞ்சுக்கறி உண்டு. ஆனா அப்பன்காரன் சம்மதிச்சு, ரெண்டு பக்கமும் வால்கொழுப்பைத் தின்னாத்தான் சம்பந்தம் உறுதி. உம் பொண்ணு நல்லா இருக்காளா பெய்சென்?"

மூலையில் டாக்டர் ஒராஸ்பெக்கும் உட்கார்ந்திருந்தான், நான் கவனிக்கவில்லை. "மீனுக்கு நெஞ்செலும்பு கிடையாது மாமா. படிச்சிருக்கேன்" என்றான். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். பாவம், நல்ல பையன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ ஒன்பது கிலோ கெண்டைக்குப் பின்னால் ஒரு ஆளையே மறைத்திருக்கிறாய். உன் அம்மாவிடம் சொன்னால், "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்கிறாள். அக்டோபரிலிருந்து அவள் கேள்விகளை நானே என் கையால் எழுதியிருக்கிறேன்! தபால்காரனின் குதிரைக்குக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, என் நிலைமையும் அதுதான்.

அவன் நம்மவன் இல்லை, ராபிகா. நம் பாஷை பேசினால் போதுமா? ஏழு தலைமுறைப் பாட்டன் பெயர் சொல்வானா? நான் செத்தால் என் தலைமாட்டில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா? எனக்கு ஆண்பிள்ளை இல்லை, அது உனக்குத் தெரியும்.

ஒரே கேள்வி. தெரிந்து கொடுத்தாயா, தெரியாமல் கொடுத்தாயா? தெரியாமல் என்றால் நான் பெரியவர்கள் முன் சொல்லி அதைச் செல்லாததாக்கிவிடுவேன்.

அப்பா


பிப்ரவரி 24, 1977

அன்பு மகள் ராபிகாவுக்கு,

நீ சுகம்தானே? நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. லாரிக்காரன் வரும்போதெல்லாம் வாசலில் நிற்கிறேன். அவன் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறான்.

நான் கத்தியது உண்மை. கத்துவது என் வழக்கம், உனக்குப் புதிதா? உன் அம்மா ஒன்பது நாளாக என்னிடம் பேசவில்லை. தேநீரை வைத்துவிட்டுச் சுவரோடு பேசுகிறாள். "பொண்ணு ஆசையா ஒரு துண்டு மீன் வெச்சா, இந்த மனுஷன் அதுக்கு ஊரைக் கூட்டினாரு" என்று சுவரிடம் சொல்கிறாள்.

மீனைப் பற்றியாவது எழுது. எந்த மீன் என்றாலும் சரி. எப்படிச் சமைத்தது என்றாலும் சரி.

அப்பா


மார்ச் 6, 1977

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் சுகம். நான்கு கடிதம் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். உங்கள் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாதபோது என்ன எழுதுவது?

உங்கள் கடிதம் வந்த அன்றே கெராசிமிடம் போனேன். அதுவரை ஒரு மாதமாக அவரிடம் சரியாகப் பேசவில்லை. "அன்னைக்கு நான் வெச்ச மீனை ஏன் சாப்பிடல?"ன்னு நேராகவே கேட்டேன். அவர் ஜன்னலைத் திறந்தார். வெளியே பனியில் ஒரு மரப்பெட்டி தொங்குகிறது, இங்கே எல்லோரும் கறி வைப்பது அதில்தான். அதிலிருந்து செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதே துண்டு. கல்லாக உறைந்திருந்தது.

"முப்பத்தேழுல கிழக்கு எல்லையில இருந்த கொரியாக்காரங்களை எல்லாம் சர்க்கார் பிடிச்சு அனுப்பினப்போ, எங்க அம்மாவையும் ரயில்ல கொண்டாந்து இங்க இறக்கிவிட்டாங்க. ஒரு ஆட்டுக்காரர் வீட்டுலதான் சேர்த்துக்கிட்டாங்க. நான் பிறந்ததே அந்தக் கொட்டகையில. நெஞ்சுக்கறி யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சு வெச்சியான்னுதான் எனக்குத் தெரியல. தெரியாம வெச்சதைத் தின்னா திருட்டு. குப்பையில போடவும் கை வரல" என்றார்.

தெரிந்து கொடுத்தாயா என்று கேட்டீர்கள். அந்த நிமிஷத்தில் மீன் என்று மட்டும்தான் நினைத்தேன். கொழுப்புள்ள துண்டு, முள் குறைவு, பிடித்தவருக்குப் போகட்டும் என்று நினைத்தேன். என் கைக்குத் தெரிந்திருந்தது, அப்பா. எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது எனக்கும் தெரியும். இன்று அதே கத்தியைக் கொடுத்தால் அதே துண்டை அவருக்கே வைப்பேன்.

டாக்டருக்கு என் பதில்: இல்லை. இதை அக்டோபரிலேயே எழுதியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் கெராசிம்தான். பொட்டலமும் அவரிடம் இருக்கிறது. உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுவார். நானும் அதற்கப்புறம் கேட்கமாட்டேன். ஆனால் வேறு யாருக்கும் நெஞ்சுக்கறி வைக்கச் சொல்லாதீர்கள்.

ராபிகா


மார்ச் 11, 1977

அன்பு மகள் ராபிகாவுக்கு,

நாங்கள் சுகம். முதல் குட்டி நேற்று விழுந்தது, கறுப்பு நெற்றி. உன் அம்மா பேசத் தொடங்கிவிட்டாள், நிறுத்தத்தான் முடியவில்லை.

நீ கேட்டதற்கு வருமுன் மீனைப் பற்றி எழுதுகிறேன். கடிதத்தில் மீனைப் பற்றி எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம் என்று ஆகிவிட்டது.

லாரி பெரிய சாலையோடு நின்றுவிட்டது. பனியில் எட்டு கிலோமீட்டர் நடந்து வந்தான். நம் வாசலில் குனிந்தான், போதுமான அளவு குனியவில்லை, நெற்றியில் பெரிய இடி. உன் அம்மா உள்ளேயிருந்து, "உயரம்தான்" என்றாள். எப்படி இருந்தாலும் வீட்டுக்கு வந்தவன் விருந்தாளி. ஆடு அறுத்தேன். செய்தி எப்படித்தான் பரவுமோ, கறி வேகுமுன் மூன்று கிழவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவன் உன் கடிதத்தைக் கொடுத்தான். நான் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான். பிறகு பொட்டலத்தை என் முன்னால் வைத்தான்.

"உங்க பொண்ணு வெச்சது. உங்க கையால வராம நான் தின்னக்கூடாதுன்னு திருப்பிக் கொண்டாந்தேன்" என்றான்.

நான் அதைத் தொடவில்லை. "ஏழு தலைமுறை சொல்லு" என்றேன்.

"மூணுதான் தெரியும் அப்பா. மிச்சம் எழுதின வம்சப் புஸ்தகத்தை ரயில்ல ஏத்தறப்போ எடுத்துக்க விடல" என்றான்.

ஜூமாகெல்தி என்னைப் பார்த்தார். அந்த வருஷம் அந்த ரயில்களை நானும் பார்த்தவன். எனக்குப் பதினேழு வயது. மிச்ச நான்கு பெயரை நான் கேட்கவில்லை.

இதற்குள் உன் அம்மா பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அலமாரியில் சூரியகாந்தி எண்ணெய்ப் பாட்டில் நிறைய இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அவள் அன்று அறுத்த ஆட்டின் வால்கொழுப்பை உருக்கி, அதில் வெங்காயம் போட்டு அந்த மீனைப் புரட்டி எடுத்துக் கொண்டு வந்தாள். "எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்றாள். கிழவர்கள் மூன்று பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். வால்கொழுப்பைத் தின்றால் சம்பந்தம் உறுதி என்று அன்று சொன்ன தோலெபெர்கென், கூரையைப் பார்த்துக்கொண்டு தாடியைத் தடவினார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக மீன் தொடாத மனுஷன் நான். தட்டு என் முன்னால் இருக்கிறது. தின்றால் ஒரு அர்த்தம், தின்னாவிட்டால் ஒரு அர்த்தம். எது என் அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை, ராபிகா. இப்படி ஒரு குழப்பம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். பெரியவர்களுக்குச் சின்னவர்கள்தானே கறி அறுத்து வைக்க வேண்டும். யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள் முள்ளாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, வெறும் சதையை என் பக்கம் தள்ளினான். மூன்று தலைமுறைதான் தெரிந்தவன். என் தலைமாட்டில் நிற்பவன் என்ன சொல்வான் என்று கேட்டிருந்தேன் இல்லையா. என் தொண்டையில் முள் குத்தக் கூடாது என்று பார்ப்பவன் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

தின்றேன். எப்படி இருந்தது என்று கேட்காதே. இரண்டு மாதம் உறைந்து கிடந்த மீன், ஆட்டுக்கொழுப்பில். உலகத்தில் யாரும் அப்படிச் சமைத்திருக்கமாட்டார்கள். பாதியை எடுத்து என் கையாலேயே அவன் வாயில் ஊட்டினேன். மெல்லாமல் விழுங்கிவிட்டான். "மீனுக்கு நெஞ்சுக்கறி உண்டு" என்று தோலெபெர்கென் தீர்ப்புச் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள், கறி ஆறிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். "அந்த மாத்திரை மிச்சம் இருந்தா அனுப்பச் சொல்லுங்க மாமா, கன்னுக்குட்டிக்கு ஆகும்" என்றான். அனுப்பிவிடு. ஒன்றுகூடக் குறையாமல் அனுப்பு.

உன் அம்மா எழுதச் சொல்கிறாள்: மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எங்கள் வணக்கம், காரப்பொடியில் கொஞ்சம் கொடுத்தனுப்பவும். ஏன் கேட்கிறாள் என்று எனக்கு இந்த முறை தெரியும். என்னைத் தும்மவைக்கத்தான்.

ஆட்டின் நெஞ்சுக்கறியை அன்று வைக்கவில்லை. நீ பக்கத்தில் இல்லாமல் வைப்பது முறையில்லை. உப்புத் தடவி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் தலையில் இடிக்கிறது. மே மாதம் வெயில் ஏறிவிடும். அது கெடுவதற்குள் இரண்டு பேரும் வந்து சேருங்கள்.

உங்கள் அப்பா
பெய்சென்